மூடிக்கு அடியில் என்ன இருக்கிறது?

பிராசஸரின் உலோக மூடிக்குள் ஒரு கம்பெனி சால்டர் வைக்கிறது, இன்னொன்று பேஸ்ட் தடவுகிறது. எது இருக்கிறது என்று பெட்டியில் எழுதுவதில்லை. வெயிலும் உப்புக்காற்றும் சேர்ந்து அடிக்கும் நம் கடற்கரையில் இந்த மௌனத்துக்கு விலை கொடுப்பது யார்?

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், கோட்டக்குப்பத்தையும் முதலியார்சாவடிகளையும் தாண்டியதும் பொம்மையார்பாளையம். கிழக்கே மீனவர் குப்பமும் கடல் அரித்துத் தின்ற கரையும். மேற்கே செம்மண் மேடேறினால் ஆரோவில். சாலையிலேயே தொடர்ந்தால் காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம். இன்னும் வடக்கே மரக்காணத்து உப்பளங்கள், கீற்று போட்டு மூடிய உப்புக் குவியல்கள்.

இந்தக் கரையோரத்தில் இன்று கம்ப்யூட்டர் இல்லாத தெரு அரிது. இ-சேவை மையம், ஜெராக்ஸ் கடை, தங்கும் விடுதியின் வரவேற்பறை, கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டுடியோ, என்ஜினீயரிங் படிக்கும் பிள்ளையின் மேஜை என்று எங்கும் ஒரு பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அக்னி நட்சத்திரம் தொடங்கினால் சர்வீஸ் கடைகளில் கேட்கும் புகாரும் ஒரே மாதிரிதான். "அண்ணே, கேம் போட்டா பத்து நிமிஷத்துல தானா ஆஃப் ஆயிடுது." "தம்பி, வீடியோ ரெண்டர் போட்டா பாதியில ஆமை வேகத்துக்கு வந்துடுது." பதிலும் அநேகமாக ஒன்றுதான்: "பேஸ்ட் காஞ்சிருக்கும், மாத்திடலாம்."

பல சமயம் அந்தப் பதில் சரி. ஆனால் ஒரு டெஸ்க்டாப் பிராசஸரில் பேஸ்ட் இருக்கக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று கடைக்காரர் கை எட்டும் இடம். மற்றொன்று தொழிற்சாலையிலேயே மூடி ஒட்டப்பட்ட இடம். இரண்டாவது இடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வாங்குகிறவருக்கு யாரும் சொல்லாத இடம் அது.

சூடு கடக்கும் பாதை

கணக்குப் போடும் வேலையெல்லாம் நடப்பது ஒரு சின்ன சிலிக்கன் துண்டில். 2012-ல் வந்த இன்டெல் ஐவி பிரிட்ஜ் சில்லின் பரப்பு சுமார் 160 சதுர மில்லிமீட்டர். கட்டைவிரல் நகம் அளவுதான். அந்தச் சிறிய இடத்திலிருந்து 77 வாட் சூடு வெளியேற வேண்டும். இன்றைய உயர்ரக டெஸ்க்டாப் பிராசஸர்களில் நிலைமை இன்னும் கடுமை. இன்டெல் கோர் ஐ9-14900கே முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்க அனுமதிக்கப்பட்டிருக்கிறது.

சிலிக்கன் துண்டுக்கு மேல் நிக்கல் பூசிய தாமிர மூடி உட்கார்ந்திருக்கிறது. ஹீட் ஸ்ப்ரெடர் என்பது இதைத்தான். கையில் எடுத்தால் பிராசஸரின் பெயர் பொறித்துப் பளபளக்கும் பகுதி. சில்லிலிருந்து வரும் சூட்டை வாங்கி அகலப் பரப்பி, மேலே இருக்கும் ஹீட் சிங்க்குக்குக் கொடுப்பது இதன் வேலை. நொறுங்கக்கூடிய சிலிக்கனை ஹீட் சிங்க்கின் அழுத்தத்திலிருந்து காப்பாற்றுவதும் இதுவே. மூடி இல்லாத பழைய ஏஎம்டி அத்லான் பிராசஸர்களில் ஹீட் சிங்க்கைச் சற்றுக் கோணலாக மாட்டி, சில்லின் மூலையை உடைத்துவிட்ட கதைகள் மெக்கானிக்குகளிடையே பிரசித்தம்.

ஆக, சூடு கடக்க வேண்டிய இணைப்புகள் இரண்டு. முதலாவது, சில்லுக்கும் மூடிக்கும் நடுவே. இரண்டாவது, மூடிக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் இரண்டு உலோகப் பரப்புகளை ஒட்டி வைத்தாலும் இடையில் நுண்ணிய பள்ளங்களில் காற்று தங்கும். காற்று சூட்டை மிக மோசமாகக் கடத்தும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் பேஸ்ட் அல்லது சால்டர். இரண்டாவது இணைப்பில் எப்போதும் பேஸ்ட்தான், ஏனென்றால் ஹீட் சிங்க்கைக் கழற்றி மாட்ட வேண்டும். முதல் இணைப்பில் எதை வைப்பது என்பதில்தான் கம்பெனிகள் பல ஆண்டுகளாக மாறி மாறி முடிவெடுத்திருக்கின்றன.

ஆரோவில் காலத்திலிருந்து

இந்த வட்டாரத்துக்குக் கம்ப்யூட்டர் புதிதல்ல. 1980-களிலேயே ஆரோவில்லில் ஆரெலெக் நிறுவனம் கம்ப்யூட்டர்களைத் தயாரித்தது. அந்தக் காலத்து இன்டெல் 8088 போன்ற சில்லுகள் இழுத்தது சுமார் 2 வாட். அவற்றுக்கு ஃபேனும் வேண்டாம், ஹீட் சிங்க்கும் வேண்டாம். வேகம் கூடக் கூட வாட் கூடியது, வாட் கூடியதும் முதலில் அலுமினியத் தகடும் பிறகு ஃபேனும் பிறகு தாமிர மூடியும் வந்து சேர்ந்தன.

2011 ஜனவரியில் வந்த இன்டெல் சாண்டி பிரிட்ஜ் பிராசஸர்களில் மூடியைச் சில்லோடு சால்டர் வைத்தே இணைத்திருந்தார்கள். மறு ஆண்டு ஏப்ரலில் ஐவி பிரிட்ஜ் வந்தது. சில்லு சிறியது, மின்சாரமும் குறைவு. ஆனால் வேகத்தைக் கூட்டி ஓட்டியவர்கள், முந்தையதைவிட இது அதிகம் சூடாவதைக் கண்டு குழம்பினார்கள். சிலர் பிளேடை வைத்து மூடியைப் பெயர்த்துப் பார்த்தார்கள். உள்ளே சால்டர் இல்லை, சாம்பல் நிறப் பேஸ்ட் இருந்தது. ஜப்பானின் பிசி வாட்ச் இதழ் அந்தப் பேஸ்டைத் துடைத்துவிட்டு நல்ல ரகப் பேஸ்டும் திரவ உலோகமும் வைத்துச் சோதித்தபோது, கூடுதல் வேகத்தில் சூடு 10 டிகிரிக்கும் மேல் இறங்கியது.

அதன்பின் 2013-ல் ஹாஸ்வெல், 2015-ல் ஸ்கைலேக், 2017-ல் கேபி லேக், அதே ஆண்டில் காபி லேக் என்று இன்டெல்லின் சாதாரண டெஸ்க்டாப் வரிசை பேஸ்டிலேயே ஓடியது. நடுவில் 2014-ல் மேம்பட்ட பேஸ்ட் என்று விளம்பரப்படுத்தி டெவில்ஸ் கேன்யன் வரிசையை விட்டார்கள். 2017-ல் ஏஎம்டி ரைசன் சால்டரோடு சந்தைக்கு வந்தது. 2018 அக்டோபரில் கோர் ஐ9-9900கே பிராசஸரை வெளியிட்டபோது, மீண்டும் சால்டர் வைத்திருப்பதாக இன்டெல்லே பெருமையோடு அறிவித்தது. சால்டரை எடுத்தபோது விளம்பரத்தில் சொல்லாமல் விட்டதை, திரும்பக் கொண்டுவந்தபோது மட்டும் சிறப்பம்சமாகச் சொன்னது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வித்தியாசம் எவ்வளவு பெரிது? பள்ளிக்கூட இயற்பியலே போதும். ஒரு அடுக்கைக் கடக்கும்போது ஏறும் சூடு, அந்த அடுக்கின் தடிமனைப் பொறுத்துக் கூடும். அதன் கடத்தும் திறனையும் பரப்பையும் பொறுத்துக் குறையும்.

100 வாட் சூடு, 160 சதுர மில்லிமீட்டர் சில்லு என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 0.1 மில்லிமீட்டர் தடிமனில், கடத்துதிறன் 4 உள்ள சாதாரணப் பேஸ்ட். அந்த ஒரு அடுக்கிலேயே சுமார் 16 டிகிரி ஏறிவிடும். அதே இடத்தில் இண்டியம் சால்டர், அதுவும் மூன்று மடங்கு தடிமனாக 0.3 மில்லிமீட்டர் என்றாலும், அதன் கடத்துதிறன் 80-ஐத் தாண்டுவதால் ஏற்றம் 2 டிகிரி சொச்சம்தான்.

இதோடு நிறுத்தினால் "சால்டர்தான் உசத்தி" என்று தீர்ப்புச் சொல்லி எழுந்துவிடலாம். இன்னொரு கணக்கும் போட வேண்டும். அதே சாதாரணப் பேஸ்டை 0.03 மில்லிமீட்டருக்கு மெலிதாக்கினால் ஏற்றம் 5 டிகிரிக்கும் கீழே வந்துவிடுகிறது. ஐவி பிரிட்ஜை அறுத்துப் பார்த்தவர்கள் கண்டுபிடித்த உண்மையும் இதுதான். பேஸ்டைவிடப் பெரிய குற்றவாளி, மூடியின் ஓரத்தை, சில்லு உட்கார்ந்திருக்கும் பச்சை அட்டையோடு ஒட்டியிருந்த கறுப்புப் பசை. அந்தப் பசையின் தடிமன் மூடியைச் சற்று உயர்த்திப் பிடித்ததால், சில்லுக்கும் மூடிக்கும் நடுவே இடைவெளி கூடியது. பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு மூடியை நேரடியாக உட்காரவைத்தபோதே சூடு இறங்கியது. கொத்தனார் செங்கல்லுக்கு நடுவே கலவை வைப்பதைப் போலத்தான் இதுவும். கலவை என்ன ரகம் என்பதோடு, எவ்வளவு மெலிதாக, சீராக உட்கார்ந்திருக்கிறது என்பதும் சேர்ந்தே சுவரின் தரத்தைத் தீர்மானிக்கிறது.

9900கே வந்தபோது இதே பாடம் மறுபக்கத்திலிருந்து கிடைத்தது. சால்டர் வைத்தும் அது எதிர்பார்த்த அளவுக்குக் குளிரவில்லை. மூடியைக் கழற்றி அளந்த ஜெர்மானியர் ரோமன் ஹார்டுங், சிலிக்கன் துண்டே முந்தைய தலைமுறையைவிடத் தடிமனாக இருப்பதைக் காட்டினார். சிலிக்கனும் சூட்டைத் தாமிரம் அளவுக்குக் கடத்தாது. அடுத்த தலைமுறையில், 2020-ல், இன்டெல் சிலிக்கனை மெலிதாக்கித் தாமிர மூடியைத் தடிமனாக்கியது. ஏஎம்டியின் கதையும் பாடம்தான். 2022-ல் வந்த ரைசன் 7000 வரிசையில் சால்டர் உண்டு. ஆனால் பழைய கூலர்கள் பொருந்த வேண்டும் என்று மூடியைத் தடிமனாக வைத்தார்கள். அந்த வரிசையின் உயர்ரகப் பிராசஸர்கள் கனமான வேலையில் 95 டிகிரியைத் தொடுவது வடிவமைப்பின்படியே என்று ஏஎம்டி விளக்கம் சொன்னது.

சிலிக்கன், சால்டர், மூடி, பேஸ்ட், ஹீட் சிங்க் எல்லாம் சேர்ந்துதான் ஒரு பாதை. அதில் எது மிக மோசமோ அதுதான் சூட்டை மறிக்கும்.

இண்டியம் ஏன் எளிதல்ல

சால்டர் என்றதும் ரேடியோ கடையில் ஈயக்கம்பி உருக்கும் காட்சி நினைவுக்கு வரும். பிராசஸருக்குள் வைப்பது இண்டியம். 1863-ல் ஜெர்மனியின் ஃப்ரைபெர்க்கில் ஃபெர்டினாண்ட் ரைக், தியோடர் ரிக்டர் இருவரும் கண்டுபிடித்த தனிமம். ரைக்குக்கு நிறம் பிரித்துப் பார்க்கும் குறை இருந்ததால், நிறமாலையில் தெரிந்த கருநீலக் கோட்டைப் பார்த்தவர் ரிக்டர். இண்டியத்துக்கென்று தனிச் சுரங்கம் கிடையாது. பெரும்பாலும் துத்தநாகத்தைச் சுத்திகரிக்கும்போது கிடைக்கும் துணைப்பொருள். செல்போன், டிவி திரைகளுக்கும் இதே உலோகம் தேவை. விலை கூட இருப்பதில் வியப்பில்லை.

நகத்தால் கீறினால் கோடு விழும் அளவுக்கு மென்மை. 156.6 டிகிரியில் உருகிவிடும். இந்த மென்மைக்காகத்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சூடேறும்போது தாமிரம் சிலிக்கனைப் போல ஆறு மடங்குக்கும் மேல் விரிகிறது. இரண்டையும் கெட்டியான உலோகத்தால் இறுகப் பிணைத்தால், விரிவு வித்தியாசத்தில் சிலிக்கன் விரிசல் விடும். இண்டியம் வளைந்து கொடுத்து அந்த இழுபறியைத் தாங்குகிறது.

ஆனால் இண்டியம் சிலிக்கனோடு தானாக ஒட்டாது. சில்லின் முதுகில் டைட்டானியம், நிக்கல்–வனேடியம், தங்கம் என்று மெல்லிய படலங்களை அடுக்க வேண்டும். மூடியின் உட்புறத்திலும் தங்கப் பூச்சு வேண்டும். பிறகு சூடாக்கி உருக்கி இணைத்து, உள்ளே காற்றுக்குமிழ் தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேஸ்ட் தடவும் வேலையோடு ஒப்பிட்டால் நேரமும் செலவும் பல மடங்கு.

கம்பெனிகளுக்குச் சாதகமான வாதமும் ஒன்று உண்டு. ஆண்டுக்கணக்கில் ஆன் செய்து, ஆஃப் செய்து, சூடேறி ஆறும்போது சால்டரின் மூலைகளில் நுண்விரிசல் தொடங்கலாம். சில்லு சிறியதாக இருந்தால் அதே விரிசல் பரப்பில் பெரிய பங்கை விழுங்கிவிடும். 2015-ல் ரோமன் ஹார்டுங் இதை விரிவாக விளக்கி, சிறிய சில்லுகளுக்குப் பேஸ்ட் வைப்பதற்கு வெறும் கஞ்சத்தனம் மட்டும் காரணமில்லை என்று எழுதினார். நியாயமான வாதம். அதை ஏற்றுக்கொண்டே இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டியிருக்கிறது.

முதல் கேள்வி இன்டெல்லுக்கு. சிறிய சில்லில்தான் விரிசல் ஆபத்து என்றால், 2017-ல் ஸ்கைலேக்-எக்ஸ் வரிசையில், அதுவரை சால்டர் வைத்துவந்த பெரிய சில்லுகளுக்கும் பேஸ்டை வைத்தது ஏன்? அந்த வரிசையின் கோர் ஐ9-7900எக்ஸ் பிராசஸருக்கு 999 டாலர் விலை வைத்திருந்தார்கள்.

இரண்டாவது கேள்வி ஏஎம்டிக்கு. 2018-ல் வந்த ரைசன் 5 2400ஜி சில்லு, சால்டர் வைத்த முதல் ரைசனுக்குச் சமமான பரப்புள்ளது. அதில் பேஸ்ட் இருந்தது, விலை குறைந்த வரிசை என்பதால். 2019-ல் ரைசன் 5 3400ஜி, ரைசன் 3 3200ஜி இரண்டும் ஒரே வடிவச் சில்லோடு வந்தன. விலை கூடியதில் சால்டர், குறைந்ததில் பேஸ்ட். பொறியியல் காரணம் எங்கே முடிகிறது, விலைக் காரணம் எங்கே தொடங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. விலை குறைந்ததில் செலவைக் குறைப்பது தவறல்ல. சொல்லாமல் குறைப்பதுதான் தவறு.

நம் கரையில் கூடும் 12 டிகிரி

பிராசஸர் விமர்சனங்களைப் படித்தோ வீடியோ பார்த்தோதான் இன்று பலர் வாங்குகிறார்கள். அந்தச் சோதனைகள் பெரும்பாலும் 21, 22 டிகிரி அறையில் நடப்பவை. பொம்மையார்பாளையத்தில் மே மாதப் பகல் 36, 37 டிகிரியைத் தொடுவது சாதாரணம். ஏசி இல்லாத ஓட்டு வீட்டிலோ கான்கிரீட் வீட்டின் மாடி அறையிலோ 34 டிகிரி என்று குறைத்தே வைத்தாலும் 12 டிகிரி கூடுதல். அறையின் சூடு கூடினால் அதே அளவு பிராசஸரிலும் கூடும். இதில் தள்ளுபடி கிடையாது. விமர்சகர் மேஜையில் 80 டிகிரியில் நின்ற பிராசஸர், அதே வேலைக்கு இங்கே 92-ல் நிற்கும்.

பெரும்பாலான இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸர்களுக்கு 100 டிகிரி எல்லைக்கோடு. அதைத் தொட்டால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதையும் மீறி ஏறினால் அணைந்துவிடும். குளிர்நாட்டில் பேஸ்டுக்கும் சால்டருக்கும் உள்ள சுமார் 13 டிகிரி வித்தியாசம் ஃபேன் சத்தத்தில் முடிந்துபோகும். இங்கே அது வேலை நடக்குமா நிற்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. குறைந்த விலைப் பிராசஸர் வாங்குகிறவர்தான் ஏசி இல்லாத அறையிலும் உட்கார்ந்திருப்பார். பேஸ்ட் அவருக்குத்தான் வந்து சேர்கிறது.

உப்பு எங்கே உட்காருகிறது

கடலோரத்தில் மூன்று, நான்கு ஆண்டுகள் ஓடிய ஒரு பெட்டியைத் திறந்தால் காணும் காட்சி, கடலிலிருந்து தள்ளி ஓடிய பெட்டியில் காணக் கிடைக்காது. ஹீட் சிங்க்கின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே தூசி உதிரியாக இருக்காது. பிசுபிசுத்து அப்பியிருக்கும், ஊதினால் போகாது, தூரிகையால் நெம்ப வேண்டும். தகடுகளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். திருகாணித் தலைகளில் துரு. ஹீட் சிங்க்கை மெல்லத் திருகிக் கழற்றினால் மூடியின் மேல் பழைய பேஸ்ட் ஓரங்களில் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கும். நடுவில் ஒதுங்கி மூடியின் உலோகமே தெரியும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தால், அத்தனைக்கும் நடுவில் நிக்கல் மூடி மட்டும் பொறித்த எழுத்துகளோடு பளிச்சென்று வரும்.

காரணம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் காற்றில் வருவது சுத்தமான சாப்பாட்டு உப்பு மட்டுமல்ல. அதில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே நீரை இழுக்கும். எனவே ஹீட் சிங்க்கில் படிந்த உப்புத்தூசி இரவெல்லாம் உப்புநீராகவும், பெட்டி ஓடும்போது காய்ந்த உப்பாகவும் மாறி மாறி இருக்கிறது. அலுமினியத் தகடும் நடுவில் தாமிரத் துண்டும் உள்ள ஹீட் சிங்க்கில் இந்த உப்புநீர் இரண்டு உலோகங்களையும் சிறு பேட்டரியாக்கிவிடும். அதில் அரிக்கப்படுவது அலுமினியம்.

ஆறுதலான செய்தி, இந்த அரிப்பு பெரும்பாலும் நம் கை எட்டும் இடத்தில்தான் நடக்கிறது. மூடிக்கு உள்ளே இருக்கும் இணைப்பைச் சுற்றிலும் பசை காக்கிறது. வெளியே இருக்கும் தகடு, ஃபேன், மேல் பேஸ்ட், மதர்போர்டு இவைதான் உப்புக்குப் பலியாகின்றன. உள்ளே சால்டரே இருந்தாலும், வெளியே தகடுகள் அடைத்துக்கொண்டால் பயன் ஒன்றுமில்லை.

மடிக்கணினியில் மூடியே இல்லை

தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் என்றால் லட்சக்கணக்கான வீடுகளில் முதலில் நுழைந்தது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிதான். 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பயன்பெற்றார்கள். குப்பத்துப் பிள்ளைகள் பலருக்கு வீட்டின் முதல் கம்ப்யூட்டர் அதுவே.

மடிக்கணினிப் பிராசஸர்களில் ஹீட் ஸ்ப்ரெடர் மூடி கிடையாது. சிலிக்கன் துண்டு வெறுமனே இருக்கும். அதன் மேல் பேஸ்ட், அதன் மேல் நேரடியாகத் தாமிரத் தகடும் சூடு கடத்தும் குழாயும். அதனால் சால்டரா பேஸ்டா என்ற கேள்வியே இங்கு எழாது. ஒரே ஒரு இணைப்பு, அதுவும் சர்வீஸ் செய்யக்கூடியது. சிலிக்கனும் தாமிரமும் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் நாளடைவில் பேஸ்ட் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. அதிலுள்ள எண்ணெய்ப்பசையும் வற்றுகிறது. "பழசாயிடுச்சு, ஸ்லோவா இருக்கு" என்று மூலையில் போட்ட மடிக்கணினிகளில் எத்தனையோ, பேஸ்ட் மாற்றி ஃபேனைச் சுத்தம் செய்தால் இன்னும் சில ஆண்டுகள் ஓடக்கூடியவை. இன்னொரு பிள்ளை படிக்க அது போதும்.

பெட்டிச் செய்தி: கடலோர வீட்டுக் கம்ப்யூட்டருக்கு

ஆண்டுக்கு ஒரு முறை, வெயில் தொடங்கும் முன், பங்குனியிலேயே பெட்டியைத் திறந்து சுத்தம் செய்யுங்கள். பேஸ்டை இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றினால் போதும். சூடு வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் முன்னதாகவே மாற்றுங்கள்.

பேஸ்ட் அதிகம் போட்டால் அதிகம் குளிரும் என்பது தவறு. மூடியின் நடுவில் சின்னப் பொட்டு அளவு போதும். ஹீட் சிங்க்கின் அழுத்தமே அதைப் பரப்பும். திருகாணிகளைக் குறுக்குவாட்டில் மாறி மாறி முடுக்குங்கள்.

விலை மலிவான வெள்ளைப் பேஸ்ட் டப்பாவைவிட, நம்பகமான கம்பெனியின் சிறு ஊசிக்குழாய்ப் பேஸ்ட் நல்லது. மடிக்கணினிக்கு, சூட்டில் இளகிப் பரவும் ஹனிவெல் பிடிஎம்7950 போன்ற தாள்களும் கிடைக்கின்றன. அவை பேஸ்டைப் போல ஓரத்துக்கு ஒதுங்குவது குறைவு.

திரவ உலோகத்தை வீட்டில் முயல வேண்டாம். அதிலுள்ள காலியம் அலுமினியத்தைச் சிதைத்துவிடும். ஒரு சொட்டு மதர்போர்டில் விழுந்தால் ஷார்ட் ஆகும்.

மூடியைப் பெயர்க்கவே வேண்டாம். வாரண்டி போய்விடும். பேஸ்ட் வைத்ததில் பிளேடு சற்று ஆழமாகப் போனால் அட்டையின் கோடுகள் அறுபடும். சால்டர் வைத்ததைச் சூடாக்காமல் இழுத்தால் சிலிக்கனே பிய்ந்துவரும்.

கடல் பக்க ஜன்னலுக்கு நேராகப் பெட்டியை வைக்காதீர்கள். தரையிலும் வேண்டாம். நாள்கணக்கில் அணைத்தே வைப்பதைவிட, மழைக்காலத்தில் தினமும் சிறிது நேரம் ஓடவிடுவது உள்ளே ஈரம் தங்காமல் காக்கும்.

கேட்க வேண்டியதைக் கேட்போம்

ஃபிரிட்ஜும் ஏசியும் வாங்கும்போது எத்தனை ஸ்டார் என்று பார்த்து வாங்க நாம் பழகிவிட்டோம். அந்த ஒட்டுத்தாள் கட்டாயமானதால்தான் அந்தப் பழக்கம் வந்தது. பிராசஸர் பெட்டியில் கோர் எண்ணிக்கையும் வேகமும் வாட்டும் இருக்கின்றன. மூடிக்கு அடியில் சால்டரா பேஸ்டா என்ற ஒரு வரி மட்டும் இல்லை. பொருளின் தரத்தை அறியும் உரிமையை 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் தந்திருக்கிறது. கழற்றிப் பார்த்தால் வாரண்டி போய்விடும் ஒரு பொருளில், உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் தயாரித்தவர்தானே சொல்ல வேண்டும்?

இது வெளிநாட்டுக் கம்பெனிகளோடு முடிந்துவிடும் விஷயமும் அல்ல. 2018-ல் சென்னை ஐஐடியில் பேராசிரியர் வி. காமகோடியின் குழு உருவாக்கிய சக்தி பிராசஸரின் முதல் சில்லுகள் வெளிவந்தன. வடிவமைக்க நம்மால் முடியும் என்பது அன்று தெரிந்தது. சில்லை அட்டையில் பொருத்தி மூடி போட்டுச் சோதிக்கும் வேலை இப்போது நாட்டுக்குள் வருகிறது. குஜராத்தின் சானந்தில் மைக்ரான் ஆலைக்கு 2023-லும், அசாமின் ஜாகிரோட்டில் டாடா ஆலைக்கு 2024-லும் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. தமிழ்நாடு அரசும் 2025-ல் செமிகண்டக்டர் மிஷன் 2030-ஐ அறிவித்திருக்கிறது. சால்டரா பேஸ்டா, எத்தனை மைக்ரான் தடிமன், எத்தனை டிகிரி அறையில் சோதனை என்ற முடிவுகளெல்லாம் நடைமுறைக்கு வருவது இதுபோன்ற பொருத்தும் ஆலைகளில்தான்.

22 டிகிரி அறையில் விமர்சகர்கள் சோதித்த பொருளை 36 டிகிரியில் ஓட்டித்தான் இத்தனை ஆண்டுகள் சமாளித்திருக்கிறோம். நம் ஊரில் பொருத்தப்படும் சில்லாவது மரக்காணத்து உப்புக்காற்றிலும் சித்திரை வெயிலிலும் சோதிக்கப்பட்டு வரட்டும். அதன் பெட்டியில், உள்ளே வைத்தது என்ன என்று ஒரு வரி அச்சாகட்டும். அரசு தன் மாணவர்களுக்கு மொத்தமாகக் கம்ப்யூட்டர் வாங்கும் டெண்டரில், இத்தனை டிகிரி அறைச் சூட்டில் இத்தனை மணி நேரம் வேகம் குறையாமல் ஓட வேண்டும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்ப்பது இன்றே செய்யக்கூடிய காரியம். லட்சக்கணக்கில் வாங்குகிறவர் கேட்டால் எந்தக் கம்பெனியும் பதில் சொல்லியே ஆக வேண்டும்.